வெண்ணெய் திரண்டு வரும்போது உடைந்த தாழி: டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் 2024 சீசன்

ஹோனலூலு நீலம்
ஜனவரி 19, 2025, காலை 9:40

நேற்று ஆட்டம் முடிந்து நம் லயன்ஸின் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் இருந்து வீடு வந்து சேர மணி ஒன்றரை. தொண்டை கட்டிப்போய்விட்டது, தூக்கமும் வரவில்லை. வாஷிங்டன் 45, டெட்ராய்ட் 31. லீக் ஆட்டங்களில் 15 வெற்றி, 2 தோல்வி. அணியின் வரலாற்றிலேயே இப்படி ஒரு கணக்கு கிடையாது. நம் பிரிவான என்.எஃப்.சி.யில் முதல் இடம், ஒரு வாரம் ஓய்வு, சொந்த மைதானம். எல்லாம் இருந்தும் ப்ளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டோம்.

காலையிலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவில் நம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற ஆள், ஜேரட் காஃபுக்குத்தான் அர்ச்சனை. எறிந்ததை எதிராளி பிடித்த இன்டர்செப்ஷன் மூன்று, கையிலிருந்து நழுவவிட்ட ஃபம்பிள் ஒன்று. வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. இந்தத் தோல்விக்குத் தலையெழுத்து எழுதப்பட்டது அக்டோபர் 13 அன்று, டாலஸில்.

ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு டாலஸை அவர்கள் ஊரிலேயே 47-9 என்று சாத்தினோம். மூன்றாவது குவார்ட்டரில் நம் டிஃபென்ஸின் ஏய்டன் ஹட்சின்சன் அவர்களுடைய குவார்ட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட்டை மடக்கிச் சாய்த்தார், அதற்குப் பெயர்தான் சாக். சாய்க்கும்போது ஹட்சின்சனின் இடது கால் சுழன்று போய், நம் ஆள் அலீம் மெக்நீலின் காலிலேயே மோதியது. கீழ்க்கால் எலும்பு இரண்டும் போச்சு. அதுவரை ஐந்தே ஆட்டத்தில் 7.5 சாக். லீக்கிலேயே அவர்தான் முதல்.

அதற்குப் பிறகு டிஃபென்ஸில் ஆளாளுக்கு ஒரு கட்டு. நவம்பரில் ஜாக்சன்வில்லை 52-6 என்று அடித்த அதே நாளில் அலெக்ஸ் ஆன்ஸலோனின் கை முறிந்தது. டிசம்பர் 15 பஃபலோ ஆட்டத்தில் மெக்நீலின் முழங்கால், கார்ல்டன் டேவிஸின் தாடை, இரண்டும் ஒரே நாளில். நாம் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. கிரீன் பேயை 34-31, சான் ஃபிரான்சிஸ்கோவை 40-34. இதெல்லாம் டிஃபென்ஸ் உள்ள அணியின் ஸ்கோரா? குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் ஓட்டைக் குடமும் நிறைந்தாற்போலத்தான் தெரியும். நேற்று குழாய் நின்றது, குடம் காலியாகிவிட்டது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். பழைய லயன்ஸ் நட்சத்திரம் பாரி சாண்டர்ஸின் 20-ஆம் எண் ஜெர்சி, தோளில் எண் உரிந்துபோயிருந்தது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ரேடியோ வர்ணனை கேட்டபடியே ஆட்டம் பார்ப்பவர். நாலாவது குவார்ட்டரில் வாஷிங்டன் கோல் லைனுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஃபோர்த் டவுன், அதாவது பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நாலு முயற்சியில் கடைசி. அங்கே நிறுத்திவிட்டால் நமக்கு உயிர் இருக்கிறது. மைதானமே கத்துகிறது. அப்போது நடுவரின் மஞ்சள் துணி விழுந்தது, தப்பு என்று அர்த்தம். நம் பக்கம் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள்! பதினொரு பேர் ஆடுகிற ஆட்டத்தில், முக்கால்வாசிப் பேர் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கிற அணியில், ஒரு ஆள் அதிகம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. காதிலிருந்து ஒயரைக் கழற்றினார், ரேடியோவைச் சுற்றி நிதானமாகச் சுற்றினார், ஜாக்கெட் பைக்குள் வைத்துவிட்டார். ஆட்டம் இன்னும் மீதி இருந்தது.

நாலாவது டவுன்
ஜனவரி 19, காலை 10:25

தலைவா, சோகம் புரிகிறது. ஆனால் கணக்கு இடிக்கிறதே. காயம் காயம் என்று சொல்லியே காஃபைத் தப்பிக்க விடாதீர்கள்.

பந்தை ஐந்து தடவை எதிராளியிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. வாஷிங்டனின் க்வான் மார்ட்டின் பந்தைப் பிடித்துக்கொண்டு 40 யார்டு ஓடிப் போட்டாரே ஒரு டச்டவுன், அப்போது நம் டிஃபென்ஸ் களத்திலேயே இல்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால் காஃப் எண்ட் ஸோனுக்குள், அதாவது பந்தோடு போனால் டச்டவுன் கிடைக்கும் பகுதிக்குள், எறிந்ததை அவர்களுடைய மைக் சென்ரிஸ்டில் பிடித்தார். நம் வாய்க்குள் வந்த கவளம் அது. அந்தப் பையன் யார்? ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கேப்டனாக ஆடியவன். நம் ஊர்ச் சோறு தின்றவன் நம் வயிற்றிலேயே அடித்தான்.

500 யார்டுக்கு மேல் எடுத்திருக்கிறோம் ஐயா. அப்படி எடுத்துவிட்டுத் தோற்பதற்குப் பெயர் அரிசி இல்லாமல் பட்டினி கிடப்பது இல்லை. வடித்த சோற்றைக் கீழே கொட்டுவது.

இன்னொன்று. ஜனவரி 5 அன்று மினசோட்டாவை 31-9 என்று மடக்கியதும் இதே கட்டுப்போட்ட டிஃபென்ஸ்தானே? அன்றைக்கு ஓட்டைக் குடம் எங்கே போயிற்று?

ஹோனலூலு நீலம்
ஜனவரி 19, காலை 11:02

நல்ல கேள்வி. மினசோட்டா ஆட்டத்தில் நம் டிஃபென்ஸ் கோச் ஏரன் க்ளென் செய்தது என்ன? முன்னால் நாலு பேரை வைத்து அழுத்தம் தர முடியாது என்று தெரிந்து, பின்னால் நிற்கிறவர்களையும் குவார்ட்டர்பேக் மேல் பாயும் ப்ளிட்ஸுக்கு அனுப்பினார். அவர்களுடைய குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டு நின்ற இடத்தில் நிற்கிற ஆள், நெருக்கியதும் தடுமாறினார். வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸிடம் அந்த வித்தை எடுபடாது. ஆள் அனுப்பினால் அந்த இடத்தில் பந்தை எறிவார், அனுப்பாவிட்டால் தானே ஓடுவார். 299 யார்டு, இரண்டு டச்டவுன் பாஸ், ஒரு இன்டர்செப்ஷன்கூடக் கிடையாது. முதல் வருடப் பையன்! எதிரில் ஹட்சின்சன் மாதிரி ஒருவர் தனியாளாக வந்து மேலே விழுந்தால்தான் அவசரம் வரும், அவசரம் வந்தால்தான் தப்பு வரும். நேற்று அவருக்கு அவசரமே வரவில்லை.

போதாததற்கு ஆட்டம் தொடங்கியதுமே நம் டிஃபென்ஸின் அமிக் ராபர்ட்சனின் கை முறிந்தது. இனி முறிய யார் பாக்கி?

புதுசாகப் பார்க்கிறேன்
ஜனவரி 19, மதியம் 12:15

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன். அலுவலகத்தில் எங்கள் க்ளையன்ட் டெட்ராய்ட்காரர்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர்கள் முகத்தைப் பார்த்தே லயன்ஸ் ஜெயித்ததா தோற்றதா என்று சொல்லிவிடுவோம். அப்படிப் பழகி நானும் இந்த சீசன் முழுக்கப் பார்த்தேன். ஒரு சந்தேகம். 15 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருக்கும் அணிக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாதா? ஐபிஎல்லில்கூட முதல் இரண்டு அணிக்கு உண்டே. நாளை ராத்திரி மீட்டிங் வேறு இருக்கிறது, நான் என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது?

நோவை அண்ணாச்சி
ஜனவரி 19, மதியம் 1:30

தம்பி, இங்கே குவாலிஃபயர், எலிமினேட்டர் எல்லாம் இல்லை. 32 அணி, இரண்டு பிரிவு, பிரிவுக்கு ஏழு அணி ப்ளேஆஃபுக்கு வரும். முதலிடத்துக்கு முதல் வாரம் ஓய்வு, சூப்பர் பவுலுக்கு முன்னால் வரும் ஆட்டமெல்லாம் சொந்த மைதானத்தில். சலுகை அவ்வளவுதான். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மீட்டிங்கில் ஆறுதல் எதுவும் சொல்லாதே. இந்த ஊர்க்காரர்களுக்கு ஆறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1957-இல் கிளீவ்லாந்தை 59-14 என்று அடித்துச் சாம்பியன் ஆனார்கள். அத்தோடு சரி. சூப்பர் பவுல் என்று ஒன்று தொடங்கியதே அதற்கு அப்புறம்தான். அதில் லயன்ஸ் இதுவரை ஆடியதில்லை. 1957-க்கும் போன சீசனுக்கும் நடுவில் ப்ளேஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். 1992 ஜனவரியில் டாலஸை 38-6. அடுத்த வாரமே 41-10 என்று அடித்து அனுப்பியது யார் தெரியுமா? இதே வாஷிங்டன்தான்.

நான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது 2007. அடுத்த வருடம் 16 ஆட்டம், 16 தோல்வி. தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவமானம், ஆனால் வராமல் இருக்கவும் முடியவில்லை. டான் கேம்பல் 2021-இல் கோச்சாக வந்த அன்று, எதிராளி நம்மைக் கீழே தள்ளினால் எழும்போது அவன் முழங்கால் சிப்பியைக் கடித்துக்கொண்டு எழுவோம் என்றார். ஊரே சிரித்தது. முதல் வருடம் மூன்றே வெற்றி. இரண்டாவது வருடம் 1-6 என்று தொடங்கி 9-8-இல் முடித்தார். அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

நீலம், ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் ஆட்டம் முடியும்வரை இருந்தாரா, எழுந்து போய்விட்டாரா?

பொட்டோமாக் கரை
ஜனவரி 19, மாலை 4:10

வர்ஜீனியாவில் இருந்து வருகிறேன், எதிர் முகாம். கல்லெறிய வேண்டாம். போன சீசனில் எங்கள் அணி 4-13. இந்த வருடம் 12-5. எங்களுக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஹட்சின்சன் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்த்த எனக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒரே அடியில் ஆட்டத்தை முடிக்கப் பார்த்தீர்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் உங்கள் ஜமீர் கிப்ஸை எங்களால் நிறுத்தவே முடியவில்லை. அவர் கையில் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் நான் இந்நேரம் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். பந்தைப் பிடிக்கிற ஆளான ஜேமிசன் வில்லியம்ஸ் 61 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், சரி. அந்த ஆளையே நாலாவது குவார்ட்டரில் பந்தை எறியச் சொன்னது யார் யோசனை? அதையும் சென்ரிஸ்டில்தான் பிடித்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து குதித்ததில் தேநீர் கொட்டி வீட்டில் திட்டு.

நாலாவது டவுன்
ஜனவரி 19, மாலை 5:00

பாருங்கள், எதிராளியே சொல்கிறார்.

என் பெயரே நாலாவது டவுன், ஆனாலும் சொல்கிறேன், கேம்பலின் துணிச்சலுக்கு ஒரு அளவு வேண்டும். போன ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இடைவேளைக்கு 24-7 முன்னிலை. இரண்டாவது பாதியில் மூன்று புள்ளிக்கு உதைக்கும் ஃபீல்ட் கோல் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை ஃபோர்த் டவுனில் துணிந்து ஆடப் போய், இரண்டும் கிடைக்காமல், 34-31 தோல்வி. இந்த வருடம் பஃபலோ ஆட்டத்தில் பத்துப் புள்ளி பின்னால் இருக்கும்போது, இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது, பந்தை நாமே திரும்பப் பிடிக்கலாம் என்று கிட்டத்தில் உதைக்கும் ஆன்சைட் கிக்! பஃபலோவின் மேக் ஹாலின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு நம் 5 யார்டு கோடு வரை ஓடினார். கடைசியில் 48-42. அந்த ஒரு உதை மட்டும் இல்லையென்றால்?

ஹோனலூலு நீலம்
ஜனவரி 19, மாலை 5:48

அந்த ஒரு உதை ஏன் அடித்தார் என்று யோசித்தீர்களா? தன் டிஃபென்ஸ் பஃபலோ குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை நிறுத்தாது என்று அவருக்கே தெரியும். நிறுத்த முடியாது என்றால் பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதுதான் ஒரே வழி. நான் சொல்வதும் அதைத்தான்.

கிரீன் பே ஆட்டத்தை மட்டும் ஏன் மறக்கிறீர்கள்? டிசம்பர் 5. ஸ்கோர் 31-31, ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை, ஃபோர்த் டவுன், ஒரு யார்டு வேண்டும். வேறு எந்தக் கோச்சும் ஃபீல்ட் கோலை அடித்துவிட்டுச் சாமி கும்பிட்டிருப்பார். கேம்பல் பந்தை டேவிட் மான்ட்காமரிக்குக் கொடுத்தார், கிடைத்தது, கடைசி நொடியில் ஜேக் பேட்ஸ் உதைத்து முடித்தார். அன்றைக்கு நீங்கள் இங்கேயே வந்து "தெய்வமே" என்று எழுதியது இன்னும் மேலே இருக்கிறது. எடுத்துக் காட்டட்டுமா?

நாலாவது டவுன்
ஜனவரி 19, மாலை 5:55

வேண்டாம்.

செங்கல் வியாபாரி
ஜனவரி 20, காலை 8:20

பேட்ஸ் பெயர் வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். எல்லோரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நல்ல வார்த்தை. அந்தப் பையன் கொஞ்ச காலத்துக்கு முன்னால் செங்கல் விற்றுக்கொண்டிருந்தவன். நிஜமாகவே செங்கல், கட்டிடத்துக்கு. போன வசந்தத்தில் யு.எஃப்.எல். என்ற சின்ன லீக்கில் மிச்சிகன் பாந்தர்ஸுக்கு இதே ஃபோர்ட் ஃபீல்டில் 64 யார்டு உதைத்தான், அங்கிருந்து லயன்ஸுக்கு வந்தான். ஹூஸ்டன் ஆட்டத்தில் காஃப் ஐந்து இன்டர்செப்ஷன் போட்டார். ஐந்து! 23-7 என்று பின்னால் இருந்தோம். பேட்ஸ் 58 யார்டில் சமன் செய்து, கடைசி நொடியில் 52 யார்டில் ஜெயிக்க வைத்தான்.

ஆக, பந்தைத் தானம் செய்வது காஃபுக்கு ஜனவரியில் புதிதாக வந்த வியாதி இல்லை. அன்றைக்கு டிஃபென்ஸ் காப்பாற்றியது, நேற்று முன்தினம் காப்பாற்றவில்லை. நீலம் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, நாலாவது டவுன் சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் சியாட்டிலுக்கு எதிராக 18 தடவை எறிந்து பதினெட்டையும் நம் ஆள் கையில் சேர்த்ததும் அதே காஃப்தான். சீசனில் 4,629 யார்டு, 37 டச்டவுன். இவரைத் துரத்திவிட்டு யாரைக் கொண்டு வருவீர்கள்?

மாற்று குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டரையா? பாவம், டிசம்பரில் மயாமியில் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கோச்சாக மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். வாஷிங்டன் ஆட்டத்தில் காஃபுக்குத் தலையில் அடிபட்டதா என்று பார்க்க உள்ளே கூட்டிப்போனபோது இறங்கினார். வில்லியம்ஸின் அந்த 61 யார்டு டச்டவுன் அவர் இறங்கியபோது வந்ததுதான். வேடிக்கையான ஆட்டம் இது.

நோவை அண்ணாச்சி
ஜனவரி 20, இரவு 9:15

செய்தி பார்த்தீர்களா? நம் ஆஃபென்ஸ் கோச் பென் ஜான்சன் சிகாகோவுக்குத் தலைமைக் கோச்சாகப் போகிறார். எங்கே போனாலும் போகட்டும், நம் டிவிஷனுக்குள்ளேயேவா! இனி வருடத்துக்கு இரண்டு தடவை அவரைப் பார்த்தாக வேண்டும்.

டிசம்பர் 22 அன்று சிகாகோவில் அவர் போட்ட நாடகத்தை மறக்க முடியுமா? காஃப் கால் இடறுவதுபோல் தடுமாறுகிறார், கிப்ஸ் தொப்பென்று விழுகிறார், பந்து கீழே போய்விட்டது என்று நம்பிச் சிகாகோக்காரர்கள் எல்லோரும் முன்னால் பாய்கிறார்கள். பின்னால் சாம் லபோர்ட்டா ஆளில்லாத இடத்தில் நின்று பந்தை வாங்கி டச்டவுன். தெருக்கூத்துக் கட்டியங்காரன்கூட அவ்வளவு அழகாக விழமாட்டான். அந்த வித்தையை அவர்களிடம் காட்டிவிட்டு, இப்போது அவர்களிடமே சம்பளம் வாங்கப் போகிறார்.

நாலாவது டவுன்
ஜனவரி 20, இரவு 9:40

ஓய்வு வாரத்தில் இவரும் க்ளென்னும் பல அணிகளுக்கு நேர்முகத் தேர்வு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் வேறு வீட்டுக்கு விலை பேசப் போனால் சாம்பாரில் உப்பு இருக்குமா?

ஹோனலூலு நீலம்
ஜனவரி 20, இரவு 10:05

இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஜெயிக்கிற அணியின் கோச்சுகளை எல்லா ஊரும் கேட்கும், விதியே அப்படித்தான் இருக்கிறது. தோற்றதால் இப்போது அது குற்றமாகத் தெரிகிறது. ஆஃபென்ஸில் லீக்கிலேயே அதிகப் புள்ளி, 564, அந்த மனிதர் போட்ட சமையல்தான். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இலையை எடுக்கும்போது குறை சொல்லக் கூடாது.

நோவை அண்ணாச்சி
ஜனவரி 22, இரவு 8:30

க்ளென்னும் போய்விட்டார், நியூயார்க் ஜெட்ஸ். 1994-இல் ஜெட்ஸ்தான் அவரை ஆட்டக்காரராக எடுத்தது, தாய்வீடு போன மாதிரி. ஒரு வாரத்துக்குள் ஆஃபென்ஸுக்கும் தலை இல்லை, டிஃபென்ஸுக்கும் தலை இல்லை. நம் டிஃபென்ஸின் கெர்பி ஜோசப் எதிராளி எறிந்ததைப் பிடித்த 9 இன்டர்செப்ஷனோடு லீக்கில் முதல், அதுவும் க்ளென் வளர்த்த பிள்ளைதான். புதிதாக வருகிறவர் அவரைக் கெடுக்காமல் இருந்தால் சரி.

பொட்டோமாக் கரை
ஜனவரி 27, காலை 7:10

திட்ட வருகிறவர்கள் வரிசையில் வரவும். நேற்று ஃபிலடெல்ஃபியா எங்களை 55-23 என்று வறுத்து எடுத்துவிட்டது. டெட்ராய்ட்டில் ஒரு தடவைகூடப் பந்தை விடாத எங்கள் ஆட்கள், நேற்று கைநழுவ விட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலாவது டவுன் சொன்ன அந்தச் சோறு கொட்டிய கதை, இந்த வாரம் எங்கள் வீட்டில்.

நாலாவது டவுன்
ஜனவரி 27, காலை 7:30

என் கட்சிக்கு இன்னொரு சாட்சி. நீலம், இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

ஹோனலூலு நீலம்
ஜனவரி 27, காலை 8:45

பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேரைக் காயத்தின் கணக்கில் எழுத முடியாது, வில்லியம்ஸ் எறிந்ததையும் எழுத முடியாது. காஃபின் ஐந்தாம்படை வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நேற்று ஃபிலடெல்ஃபியா எப்படி ஆடியது பார்த்தீர்களா? முன்வரிசையில் ஆள் மாற்றி ஆள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், டேனியல்ஸுக்கு அவசரம் வந்தது, பந்தும் விழுந்தது. நான் அக்டோபர் 13-ஐ விடமாட்டேன். ஹட்சின்சன் சூப்பர் பவுலுக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வர இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தால் போதும்.

அண்ணாச்சி, கேட்டிருந்தீர்களே, அன்றைக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. பெரியவர் கடைசிவரை இருந்தார். வரிசை முழுக்கக் காலியான பிறகும் நாங்கள் இரண்டு பேர்தான். ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாரே தவிர, ரேடியோவை அணைக்கவில்லை. எழுந்து படியிறங்கும்போது அவர் பைக்குள்ளிருந்து வர்ணனை சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.